மச்சம் வைத்த படம்

நம் வயதுக்கு வந்தபிறகு துக்க வீட்டுக்குப் போய்வருவதே ஒரு வேலையாகிவிட்டது, இல்லையா? போன மாதம் மட்டும் மூன்று. வந்து குளித்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்து, அப்பாடா என்று உட்கார்ந்தால் அடுத்த போன் வருகிறது. உங்களுக்கும் இதே பாடுதான் என்று தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். சிறுசுகளிடம் சொன்னால் "ஃபீல் பண்ணாதீங்கம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

ஆடி மாதம் எங்கள் சித்தி போய்ச் சேர்ந்தாள். என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தபிறகு, அப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்து என்னையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கியவள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெங்களூருக்குத் திரும்பிய என் மகள் மறுநாளே போன் செய்தாள்.

"அம்மா, ஆச்சி கட்டின சேலையில ரெண்டு மூணு எடுத்து வைங்க. இங்க ஒருத்தங்க அதை வெட்டித் தலையணை, கரடி பொம்மை எல்லாம் தச்சுக் கொடுக்கிறாங்க. சின்னத் துணுக்கு இருந்தாப் போதும், அதைப் பதக்கத்துக்குள்ள வச்சு மேல கண்ணாடி மாதிரி பிசின் ஊத்திருவாங்க. கழுத்துல போட்டுக்கலாம்."

"சரி."

"அப்புறம் ஆச்சி போட்டோ ஒண்ணு நல்லதா அனுப்புங்க. கண்ணாடிக் கட்டிக்குள்ள லேசர் வச்சு முகத்தைச் செதுக்குறாங்க. லைட் போட்டா அப்படியே ஆச்சி உள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்."

அவளைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை ஆசைப்படுகிறாள். ஆனால் போட்டோவுக்கு எங்கே போவது? சித்தி போட்டோவுக்கு நிற்கவே மாட்டாள். எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் அவளுடைய முதுகுதான் இருக்கும், இல்லையென்றால் முந்தானை. ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது சித்திதான் என்று சித்தியே ஒத்துக்கொண்டதில்லை.

"ஒரு போட்டோகூடவா இல்ல? என்னம்மா இது?" என்றாள் மகள்.

ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐம்பத்தாறு வருஷமாக மாலையோடு தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை என் அம்மா படம் என்றுதான் எல்லோரும் கும்பிட்டார்கள். என் மகளும் கும்பிட்டாள்.

அம்மா இறந்த அந்தக் கோடையில் நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரிய லீவு. உப்பளத்தில் குவித்திருந்த உப்பைப் பார்த்தால் கண் கூசும். அப்பாவுக்குத் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிற்றுக் கடை. தோணிக்காரர்களுக்கு வேண்டிய கயிறு, தோணியின் அடியில் பூசுகிற கீல், கொக்கி, ஆணி இதுதான் வியாபாரம். அப்பாவின் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் கீல் வாசம் போகாது. அம்மா அதற்காக அவரைத் திட்டுவாள், பிறகு அந்தச் சட்டையையே மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பாள்.

அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். "கோடைச் சூடு, ரெண்டு மழை பெஞ்சா சரியாப் போவும்" என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். தூத்துக்குடியில் கோடையில் எங்கே மழை பெய்கிறது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வந்து வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அத்தை மோசமானவள் இல்லை. வேகமானவள். நாலு வயதுத் தம்பி அம்மாவின் சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தான், அதில் அம்மாவின் முடி நாலைந்து சுற்றியிருந்தது. "செத்தவ முடி வீட்டுல கெடக்கப்படாது" என்று அத்தை அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். அவன் தொண்டை கட்டுகிறவரைக்கும் அழுதான். நான் அம்மாவின் ரவிக்கை ஒன்றை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வேர்வையும் ரோஜா பவுடரும் கலந்த வாசம். அதையும் கண்டுபிடித்துச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டுவிட்டாள். வெயிலில் அது விறைத்துக் கிடந்ததை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. அந்த நாலு முடியையும் ஒரு பதக்கத்துக்குள் வைத்துத் தம்பி கழுத்தில் போட்டுவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு என் மகளுக்குத் தோன்றுகிறது. அதனால்தான் அவளைக் கேலி செய்ய முடியவில்லை.

அத்தை என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஏளா, இனிமே இந்த வீட்டுக்கு நீதான் பொம்பளை. அழுதுக்கிட்டு மூலையில இருக்கப்படாது. அழுக்கா எது கெடந்தாலும் எடுத்துக் கழுவு."

நானும் கழுவினேன். குடம், செம்பு, பலகை, தம்பியின் கால் எல்லாம்.

சித்தி அப்போது சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தாள். இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, டீச்சர் ட்ரெயினிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். பதினாறு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். சமையலும் துணி துவைப்பதும் அவள்தான். அவளுக்கு அம்மாவின் ஜாடை உண்டு, நெற்றியும் புருவமும் அப்படியே இருக்கும். நாடியில், உதட்டுக்குக் கீழே, இருந்த மச்சம் மட்டும் அம்மாவுக்குத்தான்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அப்பா கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை இறக்கினார். அம்மா இருக்கிற ஒரே படம் அதுதான். பதினாறாம் நாளைக்கு அம்மாவை மட்டும் பெரிதாகப் போட்டு வாங்கவேண்டும் என்று அவருக்கு எண்ணம். சட்டத்தின் பின்னால் ஆணியைக் கழற்றிப் படத்தை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. நம் ஊர் உப்புக்காற்று உங்களுக்குத் தெரியாததா? படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்பா கயிற்றை இழுத்துப் பழகிய கை. ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

அப்பா முகம் முழுசாக வந்தது. அம்மா பக்கம் வெறும் வெள்ளைத் தாள் வந்தது. முகம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

அவர் சட்டத்தையும் ஆணியையும் ஓரமாக வைத்தார். பிறகு தாளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்து ஸ்டூடியோவுக்குப் போனார். கண்ணாடி கிணற்றடிச் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நான் பார்த்தேன். பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள், ஓரத்தில் பூஞ்சை. அழுக்காக எது கிடந்தாலும் கழுவு என்று அத்தை சொல்லியிருக்கிறாளே. அம்மா படத்துக்குப் போடுகிற கண்ணாடி, பளிச்சென்று இருக்கவேண்டாமா என்றும் நினைத்தேன். சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்தேன். கிணற்றில் உப்புத் தண்ணீர். நன்றாகத் தேய்த்தேன். பாதியில் நாரைத் திருப்பிப் பார்த்தபோது அதில் ஒரு கண் ஒட்டியிருந்தது.

கண்தான். புருவம்கூட இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தபிறகும் என் கை நிற்கவில்லை, பயத்தில் இன்னும் வேகமாகத் தேய்த்து மிச்சத்தையும் அலசி ஊற்றிவிட்டேன். தண்ணீர் வாய்க்காலில் போய் முருங்கை மரத்தடியில் தேங்கி நின்றது.

துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பிய சித்தி என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த கண்ணாடியையும் பார்த்தாள்.  வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் சைக்கிள் மணி கேட்டது.

அப்பா மூச்சு வாங்க ஓடி வந்தார். "கண்ணாடி எங்க? கண்ணாடியை அப்படியே கொண்டாரச் சொல்லுதான் ஸ்டூடியோக்காரன். பின்னாடி வெள்ளைத்தாள் வச்சு அதையே படம் புடிச்சிரலாமாம். கைபடாமக் கொண்டாரச் சொன்னான்."

சித்தி கண்ணாடியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அதன் வழியாக அவள் சேலைப் பூ தெளிவாகத் தெரிந்தது.

"நான் கழுவிட்டேன், அத்தான்," என்றாள்.

அப்பா சத்தம் போடவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போட்டது அத்தைதான். வீட்டுக்குள்ளிருந்து வந்தவள் கொஞ்ச நேரம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா மொவத்தையே அழிச்சுட்டியேளா! இந்தப் புள்ளையளுக்கு இனிமே அம்மைன்னு எதைக் காட்டுவோம்? சொல்லு! நீதான் இதுக்குப் பதில் சொல்லணும்!"

சித்தி தலையைக் குனிந்து நின்றாள். நானும் குனிந்து நின்றேன். ஒரு வார்த்தை, "நான்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் சமாதானம் சொல்வீர்கள். எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு துணி மடிக்கும்போது சித்தி என் காதோடு சொன்னாள். "நீ ஒண்ணும் செய்யலை. தெரியுதா? நான்தான் கழுவுனேன். யாரு கேட்டாலும் அதான். நீயும் அப்படியே நெனச்சுக்கோ."

மறுநாள் ஸ்டூடியோக்கார அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். "கூடப்பொறந்தவங்க ஜாடை இருந்தாப் போதும் அண்ணாச்சி. உக்கார வச்சு எடுத்து டச் பண்ணிக் குடுத்திருவேன். எல்லாரும் செய்யுததுதான்" என்றார். அத்தை சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து அம்மாவின் அரக்குப் பட்டைக் கட்டிவிட்டாள், அம்மாவின் முத்து மூக்குத்தியைப் போட்டுவிட்டாள். சித்தி இரவெல்லாம் அழுத கண்ணோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். படம் வந்ததும் அப்பா ஸ்டூடியோவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணாச்சி மெல்லிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, "மச்சம் எங்கன அண்ணாச்சி?" என்று கேட்டார். அப்பா விரலைக் கொண்டுபோனார், எடுத்தார், மறுபடி கொண்டுபோனார். "இங்கன. இல்ல, கொஞ்சம் கீழ. ஆமா, அங்கனதான்." அண்ணாச்சி ஒரு புள்ளி வைத்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தப் படத்தில் என் அம்மாவுடையது அந்த ஒரு புள்ளிதான்.

சித்திக்கு டீச்சர் ட்ரெயினிங்குக்கு இடம் கிடைத்த கார்டு ஆனி மாதம் வந்தது. நின்றபடியே வாசித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆவணியில் அப்பாவுக்கும் அவளுக்கும் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். வந்தவர்கள் கையலம்பும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா மொவத்தை அழிச்சுட்டு அந்த எடத்துல உக்காந்தவ." நல்ல காரியம் கெட்ட காரியம் எதிலும் இந்தப் பேச்சு அவளை விடவில்லை. ஆடியில் அவளைத் தூக்கின அன்றைக்கும் ஒரு கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழுந்தது. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சித்தியே அந்தப் படத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, பூப் போடுவாள். தன் முகத்துக்குத் தானே. வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "பாவம், கண்ணைப் பாருங்க, கலங்கிக் கெடக்கு. சாவப்போறது அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்பார்கள். சித்தி அவர்களுக்குக் காப்பி கலக்கிக் கொடுப்பாள். அவளுக்கு வயது ஏற ஏறப் படத்துக்கும் அவளுக்கும் ஜாடை விட்டுப் போயிற்று. எனக்கும் அம்மாவின் முகம் மறந்துபோயிற்று. இன்றைக்குக் கண்ணை மூடி அம்மா என்று நினைத்தால் சித்திதான் வருகிறாள், எப்படி முயன்றாலும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினாலு வயதில், என் படிப்பை நிறுத்தப் பார்த்த அப்பாவிடம் சித்தி எனக்காகச் சண்டை போட்டு ஓய்ந்திருந்த ஒரு நாள். ஏதோ ஒரு பாவாடைத் தகராறு. "நீ என்ன எங்கம்மையா? எங்கம்மை மொவத்தை அழிச்சவதான நீ!" என்று கத்தினேன். தெரிந்தேதான் கத்தினேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இவள் நிஜமாகவே மறந்துவிட்டாளோ என்று தேடுகிற பார்வை. பிறகு, "சோறு ஆறுது, வந்து தின்னு" என்றாள்.

அப்போதாவது காலில் விழுந்திருக்கலாம். சோற்றைத் தின்றேன்.

என் மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் சித்தியை விரட்டி விரட்டிக் கூப்பிட்டார். அவள் பந்தி நடக்கிற பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்குப் போட்டா எடுத்து மாலையும் போட்டாச்சுளா. ஒரு ஆளுக்கு எத்தனை?" அவள் வாயிலிருந்து அந்தப் படத்தைப் பற்றி வந்தது அந்த ஒரு தடவைதான்.

போன வாரம் படத்தை இறக்கினேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் ஸ்டூடியோ. அங்கே இருந்த பெண்பிள்ளை படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ கண்ணாடியோட ஒட்டியிருக்கு ஆன்ட்டி. பிரிக்காதீங்க, கண்ணாடியோடயே குடுங்க, எடுத்துக்கலாம்" என்றாள்.  ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

திரையில் முகம் பெரிதாக வந்தது. அந்தப் பெண் கறைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நாடிக்கு வந்து நிறுத்தினாள்.

"இது என்ன ஆன்ட்டி, பூஞ்சையா? எடுத்திரட்டுமா?"

 கூடாது என்று சொல்லத்தான் வந்தது. அது போனால் என் அம்மா இந்த உலகத்தில் எதிலும் இல்லை. அது இருந்தால் சித்தி எதிலும் இல்லை. அந்தப் பெண் மவுஸில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எடுத்திரும்மா," என்றேன்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். இருபது வயதுச் சித்தி, அழுத கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நேரே முத்தையாபுரத்துக்கு பஸ் ஏறினேன். எண்பத்தொன்பது வயதில் அத்தை அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். கட்டிலைவிட்டு இறங்க ஆள் பிடிக்கவேண்டும், ஆனால் நினைவு பிசகவில்லை. படத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்னளா, மச்சத்தைக் காணும்?"

"இது சித்தி, அத்தை. சித்தி படம்." ஒரு மூச்சில் மிச்சத்தையும் சொன்னேன். "அத்தை, அன்னைக்கு அந்தக் கண்ணாடியைக் கழுவினது சித்தி இல்ல. நான்."

அத்தை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று இருந்தது.

"அன்னைக்கே தெரியும்ளா. ஒன் பாவாடை முட்டளவு நனைஞ்சு கெடந்துச்சு, கையெல்லாம் சாம்பலு. அவ கையில சாம்பலே இல்ல."

"பெறவு ஏன் அத்தை அவளை அப்படிச் சொன்னிய?"

"அவ படிக்கப் போறேன்னு நின்னா. ரெண்டு புள்ளையளையும் யாரு பாப்பா? எந்தம்பி கடையைப் பாப்பானா, ஒங்களைப் பாப்பானா? ஒரு சொல்லுச் சொன்னேன். சொல்லுக்குப் பயந்தவ, நின்னுட்டா." அத்தை படத்தின் மேல் விரலை ஓட்டினாள். "ஒன்னைய வளத்தாள்லா? நல்லாத்தான வளத்தா?"

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஒரு சொல்லில் வளர்ந்த பிள்ளை நான். பிசைந்து கொடுத்த சோறு, பின்னிவிட்ட சடை, பரீட்சைக்கு எழுப்பிவிட்ட விடியற்காலை எல்லாம் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. அத்தையும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் அவளைப் பிடித்து வைத்திருந்தோம்.

"அழகாத்தான் இருந்திருக்கா, பாவி மவ," என்று அத்தை படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் கண்ணில் நீர் வடிந்தது. இந்த வயதில் அவளுக்கு எப்போதும் வடிகிறது, அதனால் எதற்காக என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பழைய படத்தை அம்மாவின் அரக்குப் பட்டில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தப் புள்ளியைத் தூரப்போட எனக்கு மனசு வராது. புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டினேன். இரவு மகள் வீடியோவில் வந்தாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன், கழுவினது உட்பட. நல்ல பிள்ளை, குறுக்கே பேசாமல் கேட்டாள். வெகுநேரம் படத்தையே காட்டச் சொன்னாள்.

"மாலை போடலையாம்மா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா," என்றேன். "உசுரோட இருக்கும்போதே ஐம்பத்தாறு வருஷம் போட்டாச்சு."